அளவுச் சட்டை: திருகோணமலையைக் களமாக வைத்து அமானுஷ்ய சஸ்பென்ஸ் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு

அமானுஷ்ய சக்தி உள்ள பெண்ணை நாயகியாக வைத்து எழுதத் தொடங்கும் நாவல்கள் பல ஏழாம் எட்டாம் அத்தியாயத்தோடு கைவிடப்படுகின்றன. எல்லாம் தெரிந்தவளிடம் எதை மறைப்பது? குற்றவாளி யாரென்று கண்ணை மூடியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டால் மிச்ச இருநூறு பக்கத்துக்கு வேலையில்லை. தெரியாது என்றால் அந்தச் சக்தி எதற்கு என்று வாசகர் கேட்பார். முதல் வரி எழுதும் முன்பே இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஸ் அவளுக்குத் தெரியாத விஷயத்தில் இருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை அம்மாவிடமும் சொல்ல முடியாது, காதலனிடமும் சொல்ல முடியாது என்ற நிலைமையில் அதை வையுங்கள். குடும்பமும் காதலும் இந்த வகைக் கதைக்குள் வருவது அதற்காகத்தான். ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்க அல்ல.

இங்கே சொல்லும் கணக்குகள் ஏறத்தாழ 40,000 சொல் கொண்ட முதல் நாவலுக்கானவை. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையைக் கூடவே கொண்டுபோகலாம். திருகோணமலையின் பாலையூற்றில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி. பிறர் உடுத்த துணியைத் தொட்டால், அதை உடுத்தவர் பட்ட பயம் அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பி மார்கழிக் கடலில் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கதை தொடங்குவது வைகாசியில்.

படி 1: சக்திக்கு வேலி போடுங்கள்

எந்தச் சக்தி என்று முதலில் முடிவெடுங்கள். வருவதை முன்கூட்டி அறியும் சக்தி பார்க்கக் கவர்ச்சியானது, எழுதுவதற்கு மிகச் சிரமமானது. கண்டது நடந்தே தீரும் என்றால் நாயகி செய்வதற்கு எதுவுமில்லை. தடுக்க முடியும் என்றால் அவள் கண்டது பொய்யாகிவிடும். முதல் நாவலுக்கு அது வேண்டாம். மற்றவர் மனதை வாசிக்கும் சக்தி உரையாடலைக் கொன்றுவிடும். எதிரில் இருப்பவர் பொய் சொல்லவே முடியாத கதையில் சஸ்பென்ஸ் எங்கே நிற்கும்? இறந்தவரோடு பேசுவதும் ஆபத்துத்தான், செத்தவனே வந்து கொன்றவன் பெயரைச் சொல்லிவிடுவானே என்ற கேள்வி கடைசிவரை துரத்தும். பொருளைத் தொட்டு அதன் பழைய காலத்தை அறியும் சக்திதான் புதியவருக்கு வசதி. கையில் ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளை யாராவது ஒளிக்கலாம், மாற்றலாம், தோய்த்துவிடலாம்.

பிறகு அரைப் பக்கத்தில் நான்கு விதி எழுதுங்கள். எதனால் தூண்டப்படுகிறது, எது தெரிகிறது, எது ஒருபோதும் தெரியாது, அதற்கு அவள் கொடுக்கும் விலை என்ன. எங்கள் தையல்காரிக்கு இப்படி:

உடுத்த துணி மட்டும். சவர்க்காரம் பட்டால் எல்லாம் அழியும், கடல்நீர் அழிக்காது. உடுத்தவரின் கடைசிப் பெரும்பயம், அதுவும் கையும் விரலும் உணர்ந்த அளவுக்கு மட்டும். உடுத்தவர் யார் என்பது தெரியாது, முகம் தெரியாது, குரல் கேட்காது. பார்த்த பிறகு ஒரு முழு நாள் இடக்கண் மங்கும், ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

மூன்றாவது விதிதான் நாவலின் முதுகெலும்பு. கடைசித் திருப்பம் அதிலிருந்து பிறக்க வேண்டும், வேறெங்கிருந்தும் அல்ல. நான்காவது விதியில் பலர் சறுக்குகிறார்கள். தலைவலி, மயக்கம், மூக்கில் இரத்தம் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுவார்கள். விலை அவளுடைய தொழிலைத் தொட வேண்டும். நூல் கோர்க்க முடியாத நாளில் கல்யாண ரவிக்கை முடிக்க முடியாது, முற்பணம் திரும்பப் போகும், அம்மா ஏனென்று கேட்பாள். அப்போதுதான் சக்தி தன்பாட்டிலேயே வீட்டுக்குள் சண்டையைக் கொண்டுவரும்.

எழுதும்போது ஐந்தாவது விதி வேண்டும் என்று ஆசை வரும், பெரும்பாலும் இருபதாம் அத்தியாயத்தில் கதை இறுகும்போது. விட்டுக்கொடுக்காதீர்கள். புதிதாக ஒரு சக்தி முளைத்த பக்கத்திலேயே வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

படி 2: ஊர் அதை எப்படிப் பேசும்

திருமலையில், அதாவது திருகோணமலையில், ஒரு பெண்ணுக்கு இப்படியொன்று இருந்தால் அக்கம்பக்கம் 'அதீத உளவியல்' என்று பேசாது. சிலர் சாமி வருகுது என்பார்கள், சிலர் கோயிலில் கட்டுச் சொல்ல விடலாம் என்பார்கள். மை வெளிச்சம் பார்ப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்லும் பெரியம்மா ஒருவர் கட்டாயம் இருப்பார். செய்வினை என்று கழிப்புக் கழிக்கச் சொல்பவரும் உண்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து துணி கொண்டுவரும் ராத்தா, ஓதிப் பார்க்கிற ஒருவரின் பெயரைச் சொல்லக்கூடும். ஆஸ்பத்திரியில் காட்டு என்பவன் தம்பியின் கூட்டாளி. இந்தக் குரல்களை ஐந்தாறு வரியில் தூவிவிட்டால் போதும், ஊர் வந்துவிடும். ஆனால் எந்த நம்பிக்கையையும் கேலிப் பொருளாக்காதீர்கள். எதையும் நாவல் தன் தீர்ப்பாகச் சொல்லிவிடவும் கூடாது.

சந்தேகப்படும் பாத்திரம் ஒன்றும் வேண்டும். இலங்கையில் அதற்கு நல்ல முன்மாதிரி ஏபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்து, 1978இல் மறைந்த பகுத்தறிவாளர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாகச் சவால் விட்டவர். அவருடைய பாணியை உங்கள் சந்தேகக்காரர் மட்டுமன்றி நீங்களும் கையில் எடுங்கள். நாயகிக்கு வரும் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, இதே விஷயம் சாதாரண வழியில் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். தையல்காரிக்குத் துணி நிறையச் சொல்லும். கொலரில் படிந்த உப்பு, கைவிளிம்பில் தங்கூசி (மீன்பிடி நைலோன் இழை) அறுத்த கோடு, முழங்கைக்கு மேல் என்ஜின் ஒயில். ஆறு காட்சியில் மூன்றுக்காவது இப்படி விளக்கம் இருந்தால், இவளுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா, இல்லை கண் கூர்மையா என்ற கேள்வி ஒரு கூடுதல் சஸ்பென்ஸாக ஓடும்.

மனதை வாசிக்கும் கதைதான் எழுதுவேன் என்று நிற்பவர்கள் அட்டைப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930களில் கையாண்ட முறை அது. வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்ற ஐந்து குறிகளும் ஐந்தைந்தாக மொத்தம் 25 அட்டை. கண்ணை மூடிச் சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். எட்டு சரியாகச் சொன்னதும் எல்லாரும் வாயைப் பிளப்பதாக எழுதிவிடாதீர்கள். எட்டோ அதற்கு மேலோ வருவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் தற்செயலாகவே நடக்கும்.

படி 3: குடும்பத்தை ஒரு வளவுக்குள் அடையுங்கள்

பாத்திரங்கள் தூரத் தூர இருந்தால் இரகசியத்துக்கு அழுத்தம் வராது. இங்கே சீதன வீடு உங்களுக்குக் கை கொடுக்கும். வீடு மகளுக்கு எழுதப்படுகிறது. அம்மம்மாவின் வளவிலேயே அம்மாவின் வீடு, பக்கத்து வேலிக்கு அப்பால் மாமா. நாயகி கல்யாணம் செய்தாலும் அந்த வளவை விட்டுப் போவதில்லை. அப்படியென்றால் அவள் கண்டுபிடிக்கப்போகும் உண்மையோடு அதே கிணற்றில்தான் ஆயுளுக்கும் தண்ணீர் அள்ள வேண்டும்.

எங்கள் கதையில் அம்மம்மாவுக்கும் இந்தச் சக்தி இருந்தது. அம்மாவுக்கு அது தெரியும், ஆனால் பேச்சை மாற்றிவிடுவாள். மாமா சம்மாட்டி, இரண்டு ஃபைபர் போட், ஆறேழு தொழிலாளிகள். தம்பி கடைசியாகப் போனது மாமாவின் போட்டில். தம்பியின் உடல் கிடைக்காததால் அம்மா அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கைச் செய்ய மறுக்கிறாள். உறவினர் கன்னியாவுக்குப் போவோம் என்கிறார்கள். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற ஐதீகமுள்ள அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு இன்றும் அந்தியேட்டிக்காகப் போகிறவர்கள் உண்டு. அம்மா வரமாட்டேன் என்று நிற்கிறாள். இந்த ஒரு மறுப்பு முழு நாவலையும் இழுத்துச் செல்லப் போதும்.

கதையில் வில்லன் என்று தனியே ஒருவனைச் செய்யத் தேவையில்லை. எல்லாரும் யாரையோ காப்பாற்றத்தான் மௌனமாக இருக்கிறார்கள் என்றால் வாசகர் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நிற்பார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, 'இவர் யாரைக் காப்பாற்ற எதை மறைக்கிறார்' என்று ஒரு வரி எழுதுங்கள். வரி எழுத வராத பாத்திரத்தை வெட்டிவிடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தம் இல்லாத குடும்பம் இப்போது அரிது. கனடாச் சித்தப்பாவைப் பேச வைக்கிறீர்கள் என்றால் மணிக்கூட்டைப் பாருங்கள். இங்கே இரவு எட்டு என்றால் ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. வைகாசிக் கதையில் சித்தப்பா வேலைக்கு நடுவில்தான் வட்ஸ்அப்பில் வருவார், அவசரமாகத்தான் பேசுவார்.

படி 4: காதலை வழக்கின் குறுக்கே நிறுத்துங்கள்

காதலைத் தனிக் கிளைக்கதையாக எழுதினால் அது ஒவ்வொரு முறை வரும்போதும் சஸ்பென்ஸ் நின்றுவிடும். காதலன் வழியாகவே தடயம் வர வேண்டும், அவனை இழக்காமல் அந்தத் தடயத்தைப் பின்தொடர முடியாமல் போக வேண்டும்.

எங்கள் கதையில் அவன் சல்லிக் கிராமத்தில் படகு என்ஜின் திருத்துபவன். அவனுடைய அண்ணனும் நாயகியின் தம்பியோடு அதே போட்டில் போனவன், தப்பி வந்தவன். அண்ணனுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும். காதலன் அவசரத்தில் போட்டின் பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்த சட்டையொன்றை அளவுச் சட்டையாக எடுத்துவந்து கடையில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் தொடுகிறாள். தம்பி போன இரவு அந்தச் சட்டைக்குள் இருந்தவரின் பயம் அவளுக்குத் தெரிகிறது. சட்டை அண்ணனுடையது என்று அவள் நம்புகிறாள். காதலனிடம் எப்படிச் சொல்வது?

நெருக்கம் வளர்வதை அழைப்பில் காட்டுங்கள். முதலில் 'நீங்கள்', பிறகு ஒருநாள் அவன் வாயில் 'நீர்' வரும், 'நீ' வருவதற்கு வெகுநாள் எடுக்கும். எந்த அத்தியாயத்தில் எது மாறுகிறது என்று குறித்து வைத்து அதையே பின்பற்றுங்கள். சண்டை வந்த அத்தியாயத்தில் அவள் மறுபடி 'நீங்கள்' என்றால் வேறு விளக்கம் தேவைப்படாது. தமிழ்நாட்டுச் சினிமாப் பேச்சு இங்கே ஒட்டாது. பாட்டி என்று கூப்பிடுகிற பேத்தியைப் பாலையூற்றில் தேடிப் பிடிக்க வேண்டும். அம்மம்மா, அப்பம்மா என்றுதான் வர வேண்டும். கதை சொல்வது பொதுத் தமிழிலும் உரையாடல் பேச்சிலும் இருக்கட்டும்:

"அம்மம்மா, இந்தச் சட்டையை ஆர் கொண்டந்தது?"

"ஏன் பிள்ளை?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற ஆள் நீ இல்லையே. கையை எடு அதில இருந்து."

கடைசி வரியில்தான் அம்மம்மாவுக்கும் தெரியும் என்பது வெளியே வருகிறது. இந்த அளவுக்கு மேல் விளக்க வேண்டாம்.

படி 5: யாருக்கு எது தெரியும் என்ற பேரேடு

இந்த வேலையைச் செய்யாமல் எழுதியவர்கள் திருத்தும்போது அழுவார்கள். ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து ஐந்து நிரல் கீறுங்கள்: வாசகர், நாயகி, காதலன், அம்மா, மாமா. கீழே 32 வரிசை, அத்தியாயத்துக்கு ஒன்று. அத்தியாயம் ஒன்றுக்குச் சராசரி 1,250 சொல் வைத்தால் 40,000 வரும். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் எந்த நிரலில் புதிதாக என்ன சேர்ந்தது என்று எழுதுங்கள். எந்த நிரலிலும் ஒன்றும் சேராத அத்தியாயம் அலங்காரம், தூக்குங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயம் வாசகரும் நாயகியும் ஒரேயளவு அறிந்திருந்தால் இழுவை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு முறை வாசகர் முந்தட்டும், அடுத்த முறை நாயகி முந்தட்டும்.

அவள் துணியைத் தொட்டுக் காணும் காட்சிகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. 2, 6, 11, 16, 21, 25 ஆகிய அத்தியாயங்களில் வைக்கலாம். 25க்குப் பிறகு ஒன்றுமே இல்லை, கடைசி ஏழு அத்தியாயமும் அவள் மனித முயற்சியால் மட்டும் நகர வேண்டும். காட்சி கேள்வியைக் கொடுக்கலாம், விடையைக் கொடுக்கக்கூடாது. விடை அவளுடைய தொழிலறிவில் இருந்தோ உறவில் இருந்தோ வர வேண்டும்.

எங்கள் கதையின் விடை எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அளவுச் சட்டையை வைத்து அவள் தைத்த புதுச் சட்டை ஒன்பதாம் அத்தியாயத்தில் அண்ணனுக்குத் தொளதொளவென்று நிற்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் வெட்கப்பட்டு இலவசமாகப் பிடித்துக் கொடுக்கிறாள். வாசகரும் நகைச்சுவை என்று கடந்துபோவார். 18இல் மாமா தன்னுடைய காற்சட்டையொன்றைக் கொடுத்து இடுப்பை அகட்டச் சொல்கிறார். அவள் நாடாவால் அளக்கிறாள், இலக்கம் பக்கத்தில் அச்சாகிறது, அவ்வளவுதான். 27இல் பழைய அளவுக் கொப்பியைப் புரட்டும்போது இரண்டு பக்கமும் எதிரெதிரே விழுகின்றன. அளவுச் சட்டையின் இடுப்புச் சுற்று மாமாவின் இடுப்போடு ஒத்துப்போகிறது, அவள் எடுத்த அளவு தப்பாகவில்லை. சட்டை அண்ணனுடையதே இல்லை. அது மாமாவினுடையது. அவள் கண்ட பயம் சொந்த மாமாவின் பயம், காதலனின் குடும்பத்தை அவள் வெறுத்த இரண்டு மாதமும் வீண். காட்சி பொய் சொல்லவில்லை, வாசித்தவள்தான் பெயரைத் தப்பாகப் போட்டாள். மூன்றாவது விதியை முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே இந்தத் திருப்பம் நேர்மையானது.

ஒரு தடயத்தை மூன்று முறை காட்டுவது நல்ல அளவு: முதலில் வேறு காரணத்துக்காக, பிறகு எதேச்சையாக, கடைசியில் பொருளோடு. ஒரே முறை காட்டினால் வாசகர் மறந்துவிடுவார், ஐந்து முறை காட்டினால் 15ஆம் அத்தியாயத்திலேயே பிடித்துவிடுவார்.

படி 6: காட்சியை எழுதும் விதம்

பெரும்பாலும் வருவது இப்படி: "திடீரென அவள் கண்முன் ஒரு காட்சி விரிந்தது. எங்கும் இருள். அலறல். இரத்தம்." இதில் எதுவுமே இல்லை, எந்த நாவலுக்கும் பொருந்தும். விதிக்குள் நின்று, விரலுக்குத் தெரிவதை மட்டும் எழுதிப் பாருங்கள்:

"கைமடிப்பில் விரல் பட்டது. துணி காய்ந்துதான் இருக்கிறது. விரல் நுனி எரிகிறது, கயிறு உரசிய எரிவு. கட்டைவிரல் முடிச்சைத் தேடுகிறது. முடிச்சு இருக்கிறது, இறுக்கமாக இருக்கிறது. கயிற்றை இழுக்கிறது கை. மறுமுனையில் பாரம் இல்லை."

கதை இறந்தகாலத்தில் போகும்போது காட்சிக்குள் நிகழ்காலம் வந்தாலே எல்லை தெரிந்துவிடும். சாய்வெழுத்துத் தேவையில்லை, தமிழ் எழுத்தைச் சாய்த்தால் அச்சில் கண்ணை உறுத்தும். மேலும் கீழும் ஒரு வரி இடம் விடுங்கள். 'கண்டாள்', 'தோன்றியது', 'உணர்ந்தாள்' மூன்றையும் காட்சிக்குள் தடை செய்யுங்கள். நீளம் 150 சொல், மிஞ்சினால் 250. காட்சி முடிந்த அடுத்த வரியில் யாராவது அவளிடம் ஒரு சாதாரண விஷயம் கேட்கட்டும், சோறு ஆறுது என்றோ, தெறி தைச்சாச்சா என்றோ. அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

படி 7: திருமலையில் தவறிப்போகும் இடங்கள்

வெளியூரில் இருந்து எழுதுபவர்கள் முதலில் சூரியனில் வழுக்குகிறார்கள். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. காதலர் இருவரும் தண்ணீர்மேல் அந்தி பார்க்க வேண்டும் என்றால் உட்துறைமுகப் பக்கம் கூட்டிப்போங்கள். முழுநிலவு கடலில் இருந்து எழும்புவதைக் கரையிலேயே காட்டலாம். ஆனால் அன்று போயா, பொது விடுமுறை. அந்த நாளில் நாயகி வங்கிக்குப் போவதாக எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது வற்றுப்பெருக்கு. நீர்மட்டம் ஏறிக் குகைக்குள் சிக்கினார்கள், தடயம் அழிந்தது என்ற வித்தையெல்லாம் இங்கே நடக்காது. இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆபத்து வேண்டுமானால் பருவத்தில் தேடுங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்றும் மழையும், கடல் குழம்பிக் கிடக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கிழக்குக் கடல் அமைதி, தரையில் கச்சான் காற்று வறட்டும். எங்கள் கதைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. தம்பி போனது மார்கழியில், கதை நடப்பது கச்சானில். கச்சானில் தோய்த்த துணி ஒரு மணித்தியாலத்தில் காயும், எல்லாரும் நாளுக்கு நாள் தோய்ப்பார்கள். தோய்க்காத துணி கைக்கு வருவது அபூர்வம், அதனால் காட்சிகள் ஆறோடு நிற்பதற்கு நியாயமும் கிடைக்கிறது.

கோணேசர் கோயிலடியில் நள்ளிரவுச் சந்திப்பு வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டை வாசலூடாக, உள்ளே இராணுவ முகாம். இரவில் கள்ளமாக ஏறிப்போக முடியாது. பகலில் போகட்டும், மான்கள் நிற்கும், கூட்டத்துக்குள் பேசட்டும். சனக் கூட்டம் வேண்டுமென்றால் சிவராத்திரியை அடுத்து வரும் கோணேசர் நகர்வலத்தைப் பயன்படுத்துங்கள். வாசலுக்கு வாசல் நிறைகுடம், ஊரே தெருவில். மலை உச்சியில் இருந்து குதித்து முடியும் முடிவு மட்டும் வேண்டாம். பிரான்சினா வான் றீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரோடு 1687ஆம் ஆண்டு பொறித்த தூண் ஒன்றை வைத்து, காதலன் கப்பலேறியதால் குதித்தாள் என்ற கதை நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. அவள் பிறகும் உயிரோடிருந்து மறுமணம் செய்தாள் என்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் நாயகிக்கு அந்த இரண்டாவது கதைதான் பொருத்தம்.

ஆண்டைத் தொடக்கத்திலேயே நிர்ணயியுங்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்ரோபரில். அதற்கு முந்திய கதை என்றால் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றுதான் மறுகரை போக வேண்டும். மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்ச். காத்திருப்பு சஸ்பென்ஸுக்கு நல்ல இடம், எனவே பழைய ஆண்டைத் தேர்வதில் இலாபமும் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடக்கும் கதையில், கரையோரக் குடும்பத்தில் யாரும் சுனாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே 200 பக்கம் போனால் உள்ளூர் வாசகர் நம்பமாட்டார்.

படி 8: காணாமல் போனவர்கள்

உடல் கிடைக்காத தம்பியை எழுதும்போது, இந்த மாவட்டத்தில் அந்த வார்த்தைக்கு இருக்கும் கனம் உங்கள் கதையை விடப் பெரியது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, பிறகும் புகைப்படத்தோடு வீதியில் இருந்த தாய்மாரை ஊர் பார்த்திருக்கிறது. மகன் உயிரோடிருக்கிறான், வடக்கே ஒரு முகாமில் தெரிகிறான் என்று குறி சொல்லிக் காசு வாங்குகிறவர்களுக்கு அந்தத் துயரம்தான் மூலதனம். அதனால் சில வரம்பு. யுத்தத்தில் காணாமல் போன ஒருவரை உங்கள் நாயகி துணியைத் தொட்டுக் கண்டுபிடிப்பதாக எழுதாதீர்கள், அது மலிவு. பக்கத்து ஒழுங்கைத் தாய் ஒருத்தி மகனின் சேட்டொன்றைப் பொலித்தீன் பையில் பொதிந்து கொண்டுவந்து நீட்டும் காட்சி வரத்தான் செய்யும், வர வேண்டும். அங்கே நாயகி என்ன செய்வாள் என்பதில் நாவலின் தரம் நிற்கிறது. இருபது வருடம் தோய்க்காமல் வைத்திருக்கிறாள் அந்தத் தாய். தொட்டால் கடைசிப் பயம் தெரியும். தெரிந்தால் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தை ஆறு காட்சிகளில் ஒன்றாகக் கணக்கிடாதீர்கள். அவள் தொடாமல் விடுவதுதான் எங்கள் தெரிவு. காசு வாங்கிக் குறி சொல்லும் ஒருவரை இதற்கு முந்திய அத்தியாயத்தில் காட்டியிருந்தால் அவள் தயங்குவதன் காரணம் பேசாமலே விளங்கும்.

படி 9: எழுதி முடித்த பிறகு

ஒரு மாதம் மூடி வையுங்கள். திருத்தும்போது முதல் சுற்றில் பேரேட்டை மட்டும் சரிபார்க்கவும், மொழியைத் தொட வேண்டாம். மாமாவுக்கு 14இல்தான் தெரியவரும் ஒன்றை அவர் 13இல் பேசியிருப்பார், அப்படியானவை பத்துப் பதினைந்து வரும். இரண்டாம் சுற்றில் உரையாடலைச் சத்தமாக வாசியுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியவர்கள் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசித்தே ஆக வேண்டும். கொம்பும் அரவும் பிரிந்து நிற்பது, ஸ்ரீ உடைவது, மேற்கோள் குறி வேறெழுத்தாக மாறுவது வழக்கமான வில்லங்கங்கள். பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். அம்மாவின் பெயர் நடுவில் மாறியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும்.

மூன்று பேருக்கு வாசிக்கக் கொடுங்கள்: திருமலையில் வாழ்பவர், மர்மக் கதை நிறைய வாசிப்பவர், தையல் தெரிந்தவர். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாயிருக்கு என்பார்கள், அதில் பிரயோசனமில்லை. எந்தப் பக்கத்தில் மாமா மீது சந்தேகம் வந்தது, எந்தப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனீர்கள் என்று இலக்கம் கேளுங்கள். சந்தேகம் 20ஆம் அத்தியாயத்துக்கு முன் வந்திருந்தால் காற்சட்டைக் காட்சியைச் சுருக்குங்கள். கடைசிவரை வரவேயில்லை என்றால் 18இல் இன்னொரு வரி சேருங்கள்.

அச்சுக் கணக்கு சிறியது. தமிழில் ஏ5 பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் பிடிக்கும். 40,000 சொல்லுக்கு 200 பக்கம், முன்பக்கங்கள் எட்டும் சேர்த்து 208. பதினாறு பக்கப் படிவத்தில் சரியாக 13 வரும், வெற்றுத்தாள் மிஞ்சாது. சர்வதேசத் தராதரப் புத்தக எண்ணை இலங்கைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். 955 அல்லது 624 என்ற நாட்டுக் குறியோடு வரும். அட்டை ஓவியருக்குக் கண்ணையும் மெழுகுதிரியையும் கீற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டால், கொடியில் தொங்கும் ஒரு சட்டை போதும் என்று சொல்லுங்கள். அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாக.